பழைய ஜீப் கியர்பாக்ஸ்: எந்த அறிகுறிக்கு எந்தப் பாகம் தேட வேண்டும்?

பழைய வில்லிஸ் ஜீப் வைத்திருப்பவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. இரண்டாவது கியர் ஒரு முறை கழன்றதும் முழு ரீபில்ட் கிட் (புதுப்பிப்பதற்கான பாகத் தொகுப்பு) ஒன்றை வரவழைத்துவிடுவார்கள். அது வந்த பிறகுதான் கியர்பாக்ஸ் பெட்டியைத் திறப்பார்கள். கிட்டில் உள்ள பாகங்களில் பாதி தேவைப்படாது. உண்மையில் தேய்ந்துபோன பாகம் அந்தக் கிட்டில் இருக்காது. ஆகவே இந்தக் கட்டுரை அதற்குத் தலைகீழாகப் போகிறது: முதலில் அறிகுறி, பிறகு சோதனை, கடைசியில்தான் பாகம்.

இங்கே பேசப்படுவது வார்னர் கியர் தயாரிப்பான டி-90 மூன்று வேகக் கியர்பாக்ஸும் அதன் பின்னால் தொங்கும் ஸ்பைசர் 18 டிரான்ஸ்ஃபர் கேஸும் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்து அனுப்பும் பெட்டி). 1945இல் சிஜே-2ஏ என்ற ஜீப் மாடலோடு வந்த இந்த ஜோடி 1971 வரை ஜீப்புகளில் தொடர்ந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ‘எம்பி’ மாடல் வண்டியில் இருப்பது டி-84. சோதனைகள் அதற்கும் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் இரண்டின் கியர்களையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட முடியாது.

எதையும் கழற்றும் முன்

வண்டியின் ஆண்டை மட்டும் சொல்லிப் பாகம் கேட்காதீர்கள். இத்தனை வயதான வண்டியில் கியர்பாக்ஸ் ஒரு முறையாவது மாற்றப்பட்டிருக்கலாம். வார்ப்பு உடம்பின் பக்கவாட்டில் அழுக்கைச் சுரண்டினால் ‘டி90ஏ-1’ போன்ற எண் தெரியும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். டி-90இலேயே வேறு வேறு பல் எண்ணிக்கை கொண்ட வகைகள் உண்டு. ஏ வகையின் முதல் கியர் விகிதம் 2.798, சி வகையின் முதல் கியர் இன்னும் தாழ்ந்தது, அதாவது விகித எண் அதிகம். ஒன்றின் கிளஸ்டர் கியரோடு (பல கியர்கள் ஒன்றாகச் சேர்ந்த தொகுதி) மற்றதன் இன்புட் கியர் (எஞ்சின் பக்கத்துக் கியர்) சேராது. எஞ்சினைப் பொறுத்து இன்புட் ஷாஃப்டின் நீளமும் மாறும். எண், நீளம், பல் எண்ணிக்கை மூன்றும் கையில் இருந்தால் விற்பவர் தவறான பாகம் அனுப்புவது கடினம்.

அடுத்தது எண்ணெய். வண்டியைச் சிறிது ஓட்டிச் சூடாக்கிய பிறகு, பெட்டிக்கும் டிரான்ஸ்ஃபருக்கும் தனித்தனிப் பாத்திரத்தில் வடியுங்கள். ஒரு காந்தத்தை உள்ளே விட்டுத் துழாவுங்கள். காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு மட்டும் ஒட்டினால் அது வயதின் தேய்மானம், கவலை வேண்டாம். நகத்துணுக்கு போன்ற இரும்புச் சில்லுகள் ஒட்டினால் பல் உடைந்திருக்கிறது. எண்ணெயில் பொன்னிறத் துகள் மினுங்கி, அது காந்தத்தில் ஒட்டாமல் போனால் பித்தளை: சிங்க்ரோ வளையமோ (கியர் விழும் முன் வேகத்தைச் சமன்செய்யும் வளையம்), புஷ்ஷோ, த்ரஸ்ட் வாஷரோ (நீளவாக்கு நகர்வைத் தடுக்கும் வாஷர்) தேய்கிறது. சிறிய உருளை ஒன்றோ அதன் உடைந்த துண்டோ கிடைத்தால் அதன் பிறகு வண்டியை ஓட்ட வேண்டாம்.

எந்த எண்ணெய் ஊற்றப்பட்டிருந்தது என்பதையும் விசாரியுங்கள். ஜிஎல்-5 தர எண்ணெய் பின் அச்சுக்கு ஏற்றது. அதில் உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள் ஜிஎல்-4இல் இருப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பித்தளை வளையங்களுக்கு அது ஆகாது. 80 அல்லது 90 தடிமன் கொண்ட ஜிஎல்-4 கனிம எண்ணெய் போதும். எண்ணெயை மாற்றிச் சில நாள் ஓட்டிப் பார்த்த பிறகு பாதிப் புகார்கள் அடங்கிவிடுவதும் உண்டு.

அறிகுறி 1: இரண்டாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருகிறது

டி-90இன் பிறவிக் குறை என்றே இதைச் சொல்லலாம். சரிவில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டதும் லீவர் ‘டொக்’கென்று நடுவுக்கு வந்துவிடும். எல்லோரும் உடனே கியர் பற்களைக் குறை சொல்வார்கள். பற்கள் கடைசிச் சந்தேகமாகவே இருக்க வேண்டும்.

முதலில் ஓட்டிப் பாருங்கள். இரண்டாவதில் போட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்து விட்டு, மிதித்து விட்டு லீவரைக் கவனியுங்கள்.

*லீவர் மெல்ல நகர்ந்து நகர்ந்து கடைசியில் கழன்றால்:* குற்றம் மேல்மூடியில் இருக்கிறது. தரைத் தகட்டை எடுத்தால் கியர்பாக்ஸை இறக்காமலேயே மேல்மூடியைக் கழற்றலாம். அதற்கும் முன், லீவரோ அதன் ரப்பர் உறையோ தரைத் தகட்டில் முட்டுகிறதா என்று பாருங்கள். வண்டிக் கூட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள ரப்பர்கள் அமுங்கிப்போன வண்டிகளில் இது அடிக்கடி நடக்கிறது. செலவே இல்லாத பழுது. மூடியைக் கழற்றியதும் ஷிஃப்ட் தண்டுகளில் உள்ள குழிகளைப் பாருங்கள். பந்து உட்காரும் குழியின் ஓரம் வழவழப்பாகச் சரிந்திருந்தால் தண்டு போய்விட்டது. பந்தில் தட்டையான இடம் இருக்கக் கூடாது. ஸ்பிரிங்கைப் புதியதோடு பக்கத்தில் நிற்க வைத்து உயரம் ஒப்பிடுங்கள். பழையதை இழுத்து நீட்டிப் போடும் வித்தை சில வாரங்களுக்குத்தான் தாங்கும். கியரைத் தள்ளும் கவையான ஃபோர்க்கின் கால்கள் இரண்டும் சம அளவில் தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால் ஃபோர்க் வளைந்திருக்கிறது. இந்தப் பாகங்கள் அத்தனையும் எளிதில் கிடைப்பவை, மலிவானவை.

*ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் லீவர் முன்னும் பின்னும் ஆடினால்:* மெயின் ஷாஃப்ட் நீளவாக்கில் ஆடுகிறது. இதற்கும் பெட்டியை இறக்க வேண்டியதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம் சிறிய மூடித் தகடு ஒன்று இருக்கிறது. அதன் போல்ட்களைக் கழற்றினால் மெயின் ஷாஃப்டின் நுனியும் அதில் ஏறியிருக்கும் டிரைவ் கியரும் பெரிய நட்டும் கண்ணில் படும். நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் இருக்கிறதா? கியரைக் கையால் பிடித்து ஆட்டினால் ஆடுகிறதா? நட்டு தளர்ந்திருந்தால் இறுக்கிப் புதிய பின் போட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். இறுக்கிய பிறகும் கியர் ஆடினால் ஸ்பிளைன் (ஷாஃப்டின் நீளவாக்கில் வெட்டிய பற்கள்) தேய்ந்திருக்கிறது. அப்போது கியரும் மெயின் ஷாஃப்டும் தேவை. புதிய கியரைத் தேய்ந்த ஷாஃப்டில் ஏற்றினால் சில மாதங்களில் அதே இடத்துக்கு வருவீர்கள். டிரைவ் கியரில் 26 பல் உள்ளதும் 29 பல் உள்ளதும் உண்டு. அங்கேயே எண்ணி எழுதிக்கொள்ளுங்கள்.

*லீவர் அசையாமல் இருந்து திடீரென்று துள்ளிக் கழன்றால்:* இப்போது பெட்டியை இறக்க வேண்டும். ஆனால் இறக்கும்போதே ஒன்றைப் பாருங்கள்: கியர்பாக்ஸை பெல் ஹவுசிங்கோடு (எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்சை மூடும் கூடு) பிணைக்கும் போல்ட்கள் தளர்ந்திருந்தனவா? தளர்ந்த பெட்டி எஞ்சினின் நேர்க்கோட்டிலிருந்து விலகி நிற்கும். எந்தப் பல்லும் முழுமையாகக் கடிக்காது. கிராங்க் முனையில் உள்ள பைலட் புஷ்ஷில் இன்புட் ஷாஃப்டின் நுனியை நுழைத்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கையில் தெரிந்தால் புஷ் மாற்ற வேண்டும். விலை மிகக் குறைந்த பாகம் இதுதான், மாற்றாமல் விடப்படுவதும் இதுதான்.

உள்ளே மூன்று இடங்கள். இரண்டாவது கியரின் பக்கவாட்டில் உள்ள சிறு பற்கள், அதில் வந்து கடிக்கும் சிங்க்ரோ ஸ்லீவின் (ஃபோர்க் நகர்த்தும் உறை) உட்பற்கள், இரண்டாவது கியரின் புஷ். சிறு பற்களின் பக்கச் சுவரை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நேராக நிற்க வேண்டிய சுவர் நுனியை நோக்கி ஒடுங்கியிருந்தால், சுமை ஏறும்போதெல்லாம் ஸ்லீவ் வெளியே தள்ளப்படும். இதற்கு உராய்த்துச் சரிசெய்யும் வழி கிடையாது. கியரும் ஸ்லீவும் ஜோடியாக மாற வேண்டும்.

இந்த ஜோடியைத் தேடும்போது என் விருப்ப வரிசை: முதலில் நல்ல நிலையில் உள்ள பழைய அசல் கியர், பிறகு விற்காமல் கிடங்கில் தங்கிய அசல் கியர், கடைசியாகப் புதிதாகத் தயாரித்த நகல். பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். பழைய அசலை வாங்கும்போது கியரின் முழுப் படத்தைக் கேட்காதீர்கள். அது எதையும் சொல்லாது. சிறு பற்களின் நுனியை மிக அருகில், பக்கத்திலிருந்து வெளிச்சம் விழ எடுத்த படம் கேளுங்கள். நுனி கூர்மையான கூரை போல இருந்தால் நல்லது. உருண்டிருந்தால் வேண்டாம். பெரிய பற்களின் முகத்தில் ஊசி குத்தியது போன்ற குழிகள் இருந்தால் கடினப்படுத்திய மேல்தோல் உரியத் தொடங்கிவிட்டது என்று பொருள், அதையும் விட்டுவிடுங்கள்.

நகல் கியர்தான் கிடைக்கிறது என்றால் அது கைக்கு வந்ததும் ஒரு சிறிய சோதனை. கூர்மையான அரத்தை எடுத்து, சுமை படாத ஓர் ஓரத்தில் மெல்ல ஒரு இழுப்பு. அரம் கண்ணாடி மேல் போவது போல வழுக்கினால் கடினப்படுத்தல் சரி. வெள்ளிக் கோடு விழுந்து துகள் உதிர்ந்தால் அந்தக் கியரைத் திருப்பி அனுப்புங்கள். இவ்வகைக் கியர்களின் மேல்தோல் பொதுவாக ராக்வெல் சி அளவில் 58 முதல் 62 வரை இருக்க வேண்டும். அளக்கும் கருவி உள்ள பட்டறை அருகில் இருந்தால் அங்கேயே கேட்டுவிடலாம்.

*இவை அனைத்தும் சரியாக இருந்தும் கழன்றால்:* பெல் ஹவுசிங்கின் துளை கிராங்க் மையத்தோடு பொருந்தவில்லை. நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பிளைவீலில் பொருத்திச் சுற்றிப் பார்க்க வேண்டும். முள்ளின் மொத்த அசைவு பொதுவாக 0.005 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். இதைத் திருத்துவது இயந்திரப் பட்டறையின் வேலை. உங்கள் பாகம் வாங்கும் படலம் இங்கே நிற்கட்டும்.

அறிகுறி 2: கியர் மாற்றும்போது ‘கர்ர்’ என்று உராய்கிறது

*முதல் கியரில் மட்டும், வண்டி நகரும்போது:* பழுது இல்லை. டி-90இன் முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. நின்ற பிறகு போடுங்கள், அல்லது இரட்டைக் கிளட்ச் (நியூட்ரலில் ஒரு முறை கிளட்சை விட்டு, மறுபடி மிதித்துக் கியர் போடுவது) பழகுங்கள்.

*முதலிலும் ரிவர்ஸிலும், வண்டி நிற்கும்போது:* கிளட்ச் முழுதாக விடவில்லை. பெடலின் வெற்று அசைவு (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா நகரும் தூரம்) ஏறத்தாழ ஓர் அங்குலம் இருக்கிறதா என்று அளந்து, இணைப்புத் தண்டுகளின் தேய்ந்த துளைகளைப் பாருங்கள். பெடலை மிதித்துச் சில நொடி காத்திருந்து ரிவர்ஸ் போட்டாலும் உராய்ந்தால் கிளட்ச் தட்டையோ பைலட் புஷ்ஷையோ சந்தேகியுங்கள். கியர்பாக்ஸைத் தொட வேண்டாம்.

*இரண்டிலும் மூன்றிலும்:* இது சிங்க்ரோ வளையம். எண்ணெயை மாற்றியும் போகவில்லை என்றால் திறக்க வேண்டியதுதான். வளையத்தைக் கழுவி உலர்த்தி, கியரின் கூம்பு மேல் வைத்துக் கட்டைவிரல்களால் அழுத்தித் திருகுங்கள். நல்ல வளையம் கவ்விக்கொள்ளும், பிடுங்கி எடுக்க வேண்டியிருக்கும். தேய்ந்தது சும்மா சுற்றும். வளையத்தின் விளிம்புக்கும் கியரின் சிறு பற்களுக்கும் இடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து, புதிய வளையத்தோடு ஒப்பிடுங்கள். இடைவெளி ஏறத்தாழ இல்லாமலே போயிருந்தால் வளையம் கூம்பின் அடியில் போய் முட்டுகிறது. அதற்கு மேல் அதனால் கவ்வ முடியாது.

புதிய வளையம் வாங்கும்போது விரல் நகமே போதிய கருவி. உட்புறத்து நுண்ணிய மரைக் கோடுகளின் குறுக்கே நகத்தை இழுத்தால் ஒவ்வொரு கோடும் நறநறவென்று தடுக்க வேண்டும். வழவழப்பான உட்புறம் எண்ணெயை வெட்டி விலக்காது, புதிதாகவே உராயும். ஸ்லீவோடு சேர்ந்து வளையத்தைத் தள்ளும் மூன்று சாவித் தகடுகள் உட்காரும் பள்ளங்களில் பழைய தகட்டை வைத்துப் பாருங்கள். தொளதொளவென்று ஆடினால் அளவு தவறு. வளையம் தட்டையாக இருக்கிறதா என்று கண்ணாடித் தகட்டின் மேல் கிடத்திப் பாருங்கள். ஒரு பக்கம் தூக்கி நின்றால் வேண்டாம்.

ஒரு வளையத்தை மட்டும் மாற்றாதீர்கள். இரண்டும், மூன்று சாவித் தகடுகளும், கம்பி ஸ்பிரிங்குகளும் சேர்ந்தே மாறட்டும். இவற்றை மட்டும் தொகுத்துத் தரும் சிறு கிட்கள் உண்டு. முழுக் கிட்டைவிட அவைதான் பயன்.

அறிகுறி 3: சத்தம்

சத்தம் எங்கே வருகிறது என்று காதால் தேடுவதைவிட, எப்போது வருகிறது என்று பிரித்தால் பாகம் தானே தெரிந்துவிடும்.

நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போது உறுமி, கிளட்சை மிதித்ததும் நின்றால் அது இன்புட் பேரிங் அல்லது கிளஸ்டர் கியரின் உருளைகள். கிளட்சை மிதித்தால் தோன்றி, விட்டால் நின்றால் அது கிளட்சின் ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸ் குற்றமற்றது.

முதலிலும் இரண்டிலும் ஊளையிட்டு மூன்றாவதில் அமைதியானால் கிளஸ்டர் கியர் பக்கம் போங்கள். மூன்றாவது நேரடி இணைப்பு, சுமை கிளஸ்டர் வழியாகப் போவதில்லை. எல்லாக் கியரிலும் ஒரே மாதிரிச் சத்தம் என்றால் மெயின் ஷாஃப்டின் பின் பேரிங் அல்லது டிரான்ஸ்ஃபர் கேஸ். இதைப் பிரிக்க ஒரு வழி: வண்டியை நிறுத்தி, டிரான்ஸ்ஃபர் லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கியர்பாக்ஸை மூன்றாவதில் போட்டு கிளட்சை விடுங்கள். வண்டி நகராது, ஆனால் டிரான்ஸ்ஃபரின் இடைக் கியர் சுற்றும். சத்தம் அப்போதும் இருந்தால் பின் பேரிங்கோ இடைக் கியரோ. நின்றுவிட்டால் அவுட்புட் ஷாஃப்டுக்குப் போங்கள்.

சுற்றுக்கு ஒரு முறை ‘டிக்’ என்று தட்டினால் ஒரு பல் உடைந்திருக்கிறது. எண்ணெயை வடித்துச் சில்லைத் தேடுங்கள். சில்லு கிடைக்காவிட்டால் அது இன்னும் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள், வண்டியை நிறுத்துங்கள்.

*பேரிங் வாங்குவது:* இங்கே ஜீப் கடையைத் தேடி அலைய வேண்டியதில்லை. பழைய பேரிங்கின் வெளிவளையத்தில் எண் பொறித்திருக்கும். அதைத் துடைத்துப் படித்து, தொழிற்சாலைகளுக்கு விற்கும் பேரிங் கடையில் நல்ல தயாரிப்பாகக் கேளுங்கள். எண்ணின் வால் எழுத்துகளை விட்டுவிடாதீர்கள். ‘என்ஆர்’ என்றால் வெளிவளையத்தில் ஸ்னாப் வளையத்துக்கான பள்ளமும் வளையமும் இருக்கும்; ‘இசட்’ என்றால் ஒரு பக்கம் தகடு மூடியிருக்கும். அந்தத் தகட்டுப் பக்கம் எந்தத் திசையில் இருந்தது என்பதைக் கழற்றும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டோடு வரும் பெயரில்லாத பேரிங்குகளை நான் பெட்டியில் ஏற்றுவதில்லை. அத்தனை வேலையும் செய்து முடித்து, சில ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி பெட்டியை இறக்க யாருக்குத்தான் மனம் வரும்?

*கிளஸ்டர் கியர்:* அதன் உட்துளையிலேயே உருளைகள் நேராக ஓடுகின்றன. துளைக்குள் விரலை விட்டுச் சுற்றுங்கள். நகம் ஓரிடத்தில் தடுக்கினால் குழி விழுந்திருக்கிறது, புதிய உருளை போட்டாலும் ஊளை நிற்காது. கிளஸ்டர் சுற்றும் அச்சான லே ஷாஃப்டிலும் இதே சோதனை. ஷாஃப்ட் மட்டும் போயிருந்தால் நல்ல செய்தி: அது எளிதில் கிடைக்கும். உருளைகளை மட்டும் முழுத் தொகுதியாக மாற்றுங்கள். சிலவற்றை மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்து எல்லாம் ஒரே விட்டத்தில் இருப்பதை உறுதிசெய்யுங்கள். பழையதையும் புதியதையும் கலந்தால் சுமை முழுவதும் தடித்த சிலவற்றின் மேல் ஏறும்.

த்ரஸ்ட் வாஷர்களில்தான் நகல் பாகங்களின் சாயம் வெளுக்கிறது. வெண்கல முகத்தில் எண்ணெய்க் கோடுகள் வெட்டப்பட்டிருக்க வேண்டும். பெட்டியின் பள்ளத்தில் உட்காரும் நாக்கு இறுக்கமாக நிற்க வேண்டும்; நாக்கு தளர்ந்தால் வாஷரே சுற்றிப் பெட்டியைத் தின்றுவிடும். கூட்டிய பிறகு கிளஸ்டரின் நீளவாக்கு ஆட்டம் 0.012 முதல் 0.018 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.30 முதல் 0.46 மி.மீ. வரை இருக்க வேண்டும். பின்புற எஃகு வாஷரின் தடிமனை மாற்றி இதைக் கொண்டுவரலாம். ஆகவே ஒரே ஒரு வாஷர் உள்ள கிட் போதாது. இரண்டு மூன்று தடிமனில் வாங்கி வையுங்கள்.

லே ஷாஃப்டும் ரிவர்ஸ் ஐட்லர் ஷாஃப்டும் பின்பக்கம் ஒரே பூட்டுத் தகட்டில் மாட்டியிருக்கின்றன. தகட்டை எடுத்த பிறகு, ஷாஃப்டைவிடச் சற்று மெல்லிய, கிளஸ்டரின் நீளமே உள்ள ஒரு தண்டால் லே ஷாஃப்டைத் தள்ளி வெளியேற்றுங்கள். உருளைகள் தண்டைச் சுற்றி அப்படியே நிற்கும். இல்லையென்றால் தரையெங்கும் பொறுக்க வேண்டியிருக்கும்.

பெட்டியின் வார்ப்பில் லே ஷாஃப்ட் உட்காரும் துளை நீள்வட்டமாகியிருந்தால், அதாவது ஷாஃப்ட் கைவிசையிலேயே தளர்வாக நுழைந்தால், எந்தப் புதிய பாகமும் பயன்படாது. துளையை அகட்டிப் புஷ் போடுவது துல்லியத் துளையிடும் பட்டறையின் வேலை. வேறு நல்ல பெட்டி ஒன்று கிடைத்தால் அது பெரும்பாலும் மலிவு.

அறிகுறி 4: எண்ணெய் கசிகிறது, அல்லது ஒரு பெட்டியிலிருந்து மற்றதற்குப் போகிறது

கியர்பாக்ஸின் அளவு மூடியைத் திறந்தால் எண்ணெய் கொட்டுகிறது, டிரான்ஸ்ஃபர் காய்ந்து கிடக்கிறது. அல்லது இதற்கு நேர்மாறு. வெளியே ஒரு சொட்டும் இல்லை. எண்ணெய் மெயின் ஷாஃப்ட் வழியாக நடுவே இடம்பெயர்கிறது. பின் பேரிங் பக்கத்து சீல் தேய்ந்திருக்கிறது, அல்லது யாரோ முன்பு அதைப் போடாமலே மூடியிருக்கிறார்கள். சீலை மாற்றும்வரை இரண்டு பெட்டிகளிலும் ஒரே எண்ணெயை ஊற்றி, அடிக்கடி அளவைப் பாருங்கள். காய்ந்த டிரான்ஸ்ஃபரில் ஓட்டினால் முதலில் இடைக் கியரின் ஷாஃப்டுதான் போகும்.

வெளிக்கசிவுக்கு முதலில் காற்றுத் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள். அடைபட்டால் சூட்டில் அழுத்தம் ஏறி, நல்ல சீலைக்கூடத் தாண்டி எண்ணெய் வெளியே வரும். இதைச் செய்யாமல் சீல் மாற்றியவர்கள் மறுவாரமே சீல் தயாரித்தவரைத் திட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டினால் முன் பேரிங் மூடியின் கேஸ்கட் அல்லது லே ஷாஃப்டின் முன் நுனி. டிரான்ஸ்ஃபரின் பின்னால் இடை ஷாஃப்டின் நுனியில் சொட்டினால் பூட்டுத் தகட்டைக் கழற்றி, ஷாஃப்டின் ஓரத்தில் சீலன்ட் பூசி மறுபடி போடுங்கள். பின் யோக்கில் (டிரைவ் ஷாஃப்ட் மாட்டும் முனை) சொட்டினால் தாமதிக்க வேண்டாம். பல வண்டிகளில் கைப்பிரேக் டிரம் அங்கேதான் இருக்கிறது, எண்ணெய் பட்ட ஷூ பிடிக்காது.

புதிய சீல் போடும் முன் யோக்கின் பளபளப்பான வளையத்தில் நகத்தை ஓட்டுங்கள். பள்ளம் தடுக்கினால் சீல் மட்டும் போதாது. யோக்கின் மேல் ஏற்றும் மெல்லிய எஃகு உறை ஒன்று வாங்குங்கள், அல்லது வேறு யோக் தேடுங்கள். கிடங்கில் கிடந்த பழைய அசல் பாகம் கியருக்கு நல்லது, சீலுக்கு அல்ல. தோல் சீல் காய்ந்திருக்கும், ரப்பர் சீல் இறுகியிருக்கும். அசல் உறையின் அழகில் மயங்க வேண்டாம். எண்ணைப் பார்த்து அதே அளவில் இன்றைய நைட்ரைல் ரப்பர் சீல் வாங்குங்கள்.

அறிகுறி 5: டிரான்ஸ்ஃபர் லீவர் லோ ரேஞ்சிலிருந்தோ ஃபோர் வீலிலிருந்தோ கழல்கிறது

முதலில் லீவர்களின் புஷ்ஷும் தரைத் தகட்டின் இடைவெளியும். அடுத்து, தண்டை நிலையில் பிடித்து வைக்கும் பாப்பெட் ஸ்பிரிங்குகளும் பந்துகளும். இவை வெளியிலிருந்தே கழற்றக்கூடியவை. அதன் பிறகு அவுட்புட் ஷாஃப்டின் நீளவாக்கு ஆட்டத்தை டயல் கேஜில் பாருங்கள்: 0.004 முதல் 0.008 அங்குலம். அதிகமானால் ஷிம்களை (மெல்லிய இடைத்தகடுகள்) எடுத்துக் குறைக்கலாம், பாகமே வேண்டாம்.

இதிலும் போகாவிட்டால் இடைக் கியரும் அதன் ஷாஃப்டும்தான். இங்கேதான் தவறான பாகம் அதிகம் வாங்கப்படுகிறது. ஸ்பைசர் 18இன் இடை ஷாஃப்ட் காலப்போக்கில் தடித்துக்கொண்டே வந்தது: முதலில் 3/4 அங்குலம், பிறகு 1 1/8, கடைசியில் 1 1/4. ஷாஃப்ட், உருளைகள், இடைக் கியர் மூன்றும் ஒரே அளவுக்கு உரியவையாக இருக்க வேண்டும். ஷாஃப்டின் பின் நுனி வெளியே தெரியும். வெர்னியரை வைத்து அளந்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

அறிகுறி 6: லீவர் பூட்டிக்கொண்டு எந்தக் கியருக்கும் போகவில்லை

இரண்டு கியர் ஒரே நேரத்தில் விழுந்திருக்கிறது. லீவரின் மூடியைக் கழற்றி லீவரை வெளியே எடுத்து, ஸ்குரூடிரைவரால் இரண்டு ஃபோர்க்குகளின் பள்ளங்களையும் ஒரே நேர்க்கோட்டுக்குத் தள்ளுங்கள். அதுதான் நியூட்ரல். காட்டுவழியில் நின்றாலும் இதைச் செய்து வீடு திரும்பலாம். திரும்பிய பிறகு லீவரின் அடிநுனியைப் பாருங்கள். அது தேய்ந்து மெலிந்ததால்தான் பள்ளத்திலிருந்து வழுக்கியது. நுனியை வெல்ட் செய்து அரத்தால் வடிவத்துக்குக் கொண்டுவரலாம். புதிய லீவர் வாங்குவதும் பெரிய காரியமில்லை. தண்டுகளுக்கு இடையே உள்ள பூட்டுப் பின் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். முன்பு யாரோ திறந்து மூடியபோது அது விடுபட்டிருப்பது ஆச்சரியமில்லை.

அறிகுறி 7: புதிய பாகங்கள் போட்டு மூடிய பிறகு பெட்டி இறுகுகிறது, அல்லது ஊளையிடுகிறது

இறுக்கம் என்றால் கடைசியாக இறுக்கியதைத் தளர்த்துங்கள். முன் பேரிங் மூடியைத் தளர்த்தியதும் சுழன்றால் கேஸ்கட் மெல்லியது. மெயின் ஷாஃப்டின் நட்டைத் தளர்த்தியதும் சுழன்றால் நடுவே ஒரு ஸ்பேசரோ வாஷரோ மாறியிருக்கிறது. எதிலும் விடாவிட்டால் கிளஸ்டருக்கு ஆட்டமே இல்லை. வாஷர் தடிமன் தவறு. ஒவ்வொரு பாகம் ஏறியதும் இன்புட் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்த்துக்கொண்டே போனால் இந்தத் தேடல் ஒரு படியோடு முடியும்.

ஊளை பெரும்பாலும் ஜோடி பிரிந்ததன் விளைவு: புதிய கிளஸ்டர் பழைய இன்புட் கியரோடு ஓடுகிறது. பற்களில் நீலச் சாயம் பூசிக் கையால் சுற்றுங்கள். சாயம் பல்லின் நடுவில் அகலமாக அழிந்தால் சில நூறு கிலோமீட்டரில் ஊளை குறையும். ஒரு ஓரத்தில் மெல்லிய கோடாக மட்டும் அழிந்தால் குறையாது. பல் வெட்டும் கோணம் தவறான கியர் அது. அந்தச் சாயத் தடத்தைப் படம் எடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள். பாகத்தைத் திருப்பித் தருவதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. ஓடிய பிறகு அனுப்பினால் யாரும் ஏற்க மாட்டார்கள் என்பதால், இந்தச் சோதனையை எண்ணெய் ஊற்றும் முன்பே செய்துவிடுங்கள்.